ஹோப் தெருவின் இரு முனைகள்: லிவர்பூல் திருச்சபைத் தலைவர்களின் கூட்டுறவு பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

1982 மே 30, பெந்தெகொஸ்தே ஞாயிறு. லிவர்பூல் நகரின் ஆங்கிலிக்கன் பேராலயத்துக்குள் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் நுழைந்தபோது, உள்ளே கூடியிருந்தவர்கள் நெடுநேரம் கைதட்டி வரவேற்றார்கள். அங்கு ஜெபித்த பிறகு அவர் ஹோப் தெரு வழியாக அதன் மறுமுனையில் உள்ள கத்தோலிக்கப் பேராலயத்துக்குச் சென்று திருப்பலி நிறைவேற்றினார். ஏறத்தாழ ஐந்து வாரங்கள் கழித்து, ஜூலையில், ஆங்கிலிக்கன் சபையான இங்கிலாந்துத் திருச்சபையின் பொதுப் பேரவை ஒரு தீர்மானத்தின் மேல் வாக்களித்தது. மெதடிஸ்ட், ஐக்கிய சீர்திருத்த, மொரேவிய சபைகளோடு உடன்படிக்கை செய்துகொள்வதற்கான அத்தீர்மானத்தை ஆயர்களும் பொதுநிலையினரும் போதிய பெரும்பான்மையோடு ஆதரித்தார்கள். குருக்களின் அவையில் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு கிடைக்காததால் அது தோற்றது.

ஒரே நாட்டில், ஒரே கோடையில் நடந்த இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது எழும் கேள்வியே இந்த ஆய்வின் பொருள். கோட்பாட்டிலும் வழிபாட்டு முறையிலும் நெருக்கமாக இருந்த சபைகள் மேசையில் உட்கார்ந்து ஆண்டுக்கணக்கில் பேசியும் கூடிவராத ஒன்று, நானூறு ஆண்டுப் பகையைச் சுமந்த ஆங்கிலிக்கன், கத்தோலிக்க சபைகளுக்கு, டேவிட் ஷெப்பர்ட், டெரெக் வோர்லாக் என்ற இரு ஆயர்களின் காலத்தில், ஒரு துறைமுக நகரத்தில் எப்படி ஓரளவுக்கேனும் கைகூடியது? அப்படிக் கைகூடியது எதுவரை சென்றது, எங்கே நின்றது?

நகரமும் அதன் பகையும்

1840களின் பஞ்சத்தில் அயர்லாந்திலிருந்து வந்து இறங்கிய ஏழைக் கத்தோலிக்கர்கள் லிவர்பூலின் முகத்தையே மாற்றினார்கள். அந்நகரின் ஸ்காட்லாந்து தொகுதி 1885 முதல் 1929 வரை டி. பி. ஓ'கானர் என்ற அயர்லாந்து தேசியவாதியைத் தொடர்ந்து நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது. இங்கிலாந்தில் வேறெந்தத் தொகுதியும் அப்படி அனுப்பியதில்லை. எதிர்ப்பக்கத்தில் ஆரஞ்சு லாட்ஜ்கள் என்ற புராட்டஸ்டன்ட் சங்கக் கிளைகள் வலுப்பெற்றன. ஸ்காட்லாந்து சாலை கத்தோலிக்கர்களுடையது, நெதர்ஃபீல்டு சாலை புராட்டஸ்டன்டுகளுடையது என்று தெருக்களே பிரிந்து கிடந்தன. 1909இல் சமயக் கலவரம் மூண்டது. புராட்டஸ்டன்ட் கட்சி என்றே பெயர் வைத்துக்கொண்ட ஒரு கட்சி 1970கள் வரை நகரமன்றத் தேர்தல்களில் நின்றது. 1958இல் கத்தோலிக்கப் பேராயர் ஜான் ஹீனன் நோயுற்ற ஒருவரைப் பார்க்க நெதர்ஃபீல்டு சாலைப் பகுதிக்குச் சென்றபோது அவர்மீது கல் வீசப்பட்டது. போப்பாண்டவர் கைதட்டல் வாங்குவதற்கு இருபத்து நான்கே ஆண்டுகளுக்கு முன் நடந்தது அது.

இந்தப் பகை தணிந்ததற்கான பெருமையை முழுவதும் ஆயர்கள் கணக்கில் எழுதுவது சரியாகாது. 1960களில் நகராட்சி பழைய குடியிருப்புகளை இடித்து மக்களைக் கர்க்பி, ஸ்பீக் போன்ற புறநகர்களுக்குக் குடியேற்றியபோது, பங்குக் கோவிலைச் சுற்றி வளர்ந்திருந்த கத்தோலிக்கத் தெருக்களும் லாட்ஜைச் சுற்றி வளர்ந்திருந்த புராட்டஸ்டன்ட் தெருக்களும் சேர்ந்தே கலைந்தன. பக்கத்து வீட்டுக்காரர் எந்தச் சபை என்பதே பலருக்குத் தெரியாமல் போயிற்று. 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கம் கத்தோலிக்கரின் மனப்போக்கை மாற்றியிருந்தது. பேராயர் ஜார்ஜ் பெக், ஆங்கிலிக்கன் ஆயர் ஸ்டூவர்ட் பிளாஞ்ச் ஆகியோரின் காலத்திலேயே நல்லுறவு தொடங்கியிருந்தது. பின்னால் வந்த இருவருக்கும் இப்படி ஓரளவு பண்பட்ட நிலம் கிடைத்தது. ஆனால் அது வறண்டுகொண்டிருந்த நிலமும்கூட: துறைமுகத் தொழில் சுருங்க, 1931இல் எட்டரை லட்சத்தைத் தாண்டியிருந்த நகர மக்கள்தொகை 1981இல் ஏறத்தாழ ஐந்து லட்சமாக இறங்கிவிட்டது.

இருவர், பிறகு மூவர்

1975இல் ஆங்கிலிக்கன் ஆயராக வந்த டேவிட் ஷெப்பர்டைக் கிரிக்கெட் ரசிகர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. இங்கிலாந்துக்காக 22 டெஸ்ட் ஆடியவர். 1952இல் ஓவல் மைதானத்தில் இந்தியாவுக்கு எதிராக 119 ஓட்டங்கள் எடுத்தவர். குருப்பட்டம் பெற்ற பிறகும் 1962–63 ஆஸ்திரேலியப் பயணத்தில் ஆடியவர். 1960இல் தென்னாப்பிரிக்க அணி இங்கிலாந்துக்கு வந்தபோது, நிறவெறியின் அடிப்படையில் தேர்வான அணிக்கு எதிராக ஆட மாட்டேன் என்று விலகிக்கொண்டவரும் அவர்தான். நற்செய்தி ஆர்வலர் மரபில் உருவான அவர், கிழக்கு லண்டனின் கேனிங் டவுன் பகுதியில் பத்தாண்டுகளுக்கு மேல் உழைப்பாளர் குடும்பங்களிடையே பணிசெய்தவர்.

1976இல் கத்தோலிக்கப் பேராயராக வந்த டெரெக் வோர்லாக் வேறு வார்ப்பு. இங்கிலாந்துக் கத்தோலிக்கரின் தலைமைப் பேராயர்களான வெஸ்ட்மின்ஸ்டர் பேராயர்கள் மூவருக்கு அடுத்தடுத்து தனிச் செயலாளராக இருந்து, திருச்சபை நிர்வாகத்தின் உள்ளும் புறமும் அறிந்தவர். வத்திக்கான் சங்கத்தை அருகிருந்து கண்டு நாட்குறிப்பு எழுதியவர். அந்த ஆண்டு வெஸ்ட்மின்ஸ்டர் பதவிக்கு அவர் பெயர் பலமாக அடிபட்டது. கிடைத்ததோ துறவி பேசில் ஹியூமுக்கு. இருவருக்கும் பொதுவாக இருந்த ஓர் அனுபவத்தைப் பெரிதாகக் கருத வேண்டும்: வோர்லாக்கும் சிறிது காலம் கிழக்கு லண்டனில், ஸ்டெப்னியில், பங்குத் தந்தையாக இருந்தவர். வேலையில்லாத் தகப்பனும் ஒழுகும் கூரையும் அவர்கள் இருவரும் லிவர்பூலுக்கு வரும் முன்பே நேரில் அறிந்தவை. இறையியலில் பிரிந்த இருவர் ஏழ்மையைப் பற்றிப் பேசும்போது ஒரே மொழி பேசினார்கள் என்பது அங்கிருந்து வந்தது.

மெதடிஸ்ட், பாப்டிஸ்ட், ஐக்கிய சீர்திருத்த சபைகளைச் சேர்ந்தவர்கள் சில வேளை மறக்கப்பட்டார்கள். இருபெரும் பேராலயங்களின் நிழலில் செங்கல் சிற்றாலயங்கள் கண்ணில் படாமல் போவது இயல்பு. 1986இல் மெதடிஸ்ட் வட்டாரத் தலைவராக வந்த ஜான் நியூட்டன், வரலாற்றாசிரியரும் மெதடிஸ்ட் மாநாட்டின் முன்னாள் தலைவருமாக இருந்ததால், இருவர் கூட்டணியை மூவர் கூட்டணியாக்கும் தகுதி அவருக்கு இருந்தது. ஆயினும் பத்திரிகைகளின் கேமரா பெரும்பாலும் இருவரையே தேடியது. நகர மக்கள் அவர்களுக்கு ‘மீனும் சிப்ஸும்’ என்று பட்டப்பெயர் வைத்தார்கள்: எப்போதும் சேர்ந்தே இருப்பார்கள், எப்போதும் செய்தித்தாளில் இருப்பார்கள். அந்நாட்டில் பொரித்த மீனைச் செய்தித்தாளில் சுற்றித் தருவது வழக்கமாக இருந்ததை அறிந்தால்தான் இந்தக் குறும்பு விளங்கும்.

ஊரின் வலியே நிகழ்ச்சிநிரல்

இருவரும் என்ன செய்தார்கள் என்பதைவிட எந்த வரிசையில் செய்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். கோட்பாட்டு வேறுபாடுகளைத் தீர்த்துவிட்டுப் பிறகு சேர்ந்து பணிசெய்யலாம் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. ஆழ்ந்த நம்பிக்கை வேறுபாடு பிரித்தே தீரவேண்டிய விஷயங்களைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் சபைகள் சேர்ந்தே செயல்பட வேண்டாமா என்று 1952இல் ஸ்வீடனின் லுண்ட் நகரில் கூடிய சபைகளின் மாநாடு கேட்டிருந்தது. ஏட்டில் கிடந்த அந்தக் கேள்வியை அன்றாட நிர்வாக விதியாக மாற்றியது லிவர்பூல். சபைத் தலைவர்கள் தவறாமல் சந்தித்தார்கள், சேர்ந்து ஜெபித்தார்கள், பொதுவில் ஒன்றைப் பேசுவதற்கு முன் ஒருவரையொருவர் கலந்துகொண்டார்கள். கேட்பதற்கு எளிமையாக இருக்கிறது. ஆனால் ஒரு மறைமாவட்ட நிர்வாகம் எத்தனை பொறாமைகளாலும் முன்னுரிமைக் கணக்குகளாலும் இயங்குகிறது என்பதை அறிந்தவர்களுக்கு, இந்த வழக்கத்தை இருபதாண்டுகள் காப்பாற்றியதுதான் அவர்களின் மிகப் பெரிய சாதனை என்று தோன்றும்.

முதல் சோதனைகள் தொழிற்சாலை வாசல்களில் வந்தன. ஸ்பீக்கில் டிரையம்ஃப் கார் ஆலை 1978இலும் டன்லப் டயர் ஆலை 1979இலும் மூடப்பட்டன. டேட் அண்ட் லைல் சர்க்கரை ஆலை 1981இல் மூடப்பட்டது. ஆட்குறைப்பைப் பற்றித் தலைவர்கள் நிர்வாகத்திடமும் அரசிடமும் சேர்ந்தே பேசினார்கள். ஆலைகளைக் காப்பாற்ற அவர்களால் முடியவில்லை. ஆனால் இந்த ஆயர்கள் தம் மக்களுக்காக மட்டும் பேசுகிறவர்கள் அல்ல என்பதைத் தொழிற்சங்கங்கள் அப்போதுதான் கண்டன.

1981 ஜூலையில் நகரின் டாக்ஸ்டெத் பகுதி பற்றியெரிந்தது. கறுப்பின இளைஞர்களுக்கும் காவல்துறைக்கும் இடையே ஆண்டுக்கணக்கில் புகைந்துகொண்டிருந்த கசப்பு வெடித்து, மேல் பார்லிமென்ட் தெருவில் கட்டடங்கள் எரிந்தன. பிரிட்டன் பெருநிலத்தில் முதன்முறையாகக் கலவரத்தை அடக்கக் கண்ணீர்ப்புகைக் குண்டு வீசப்பட்டது. எரிந்த தெருக்களிலிருந்து ஆங்கிலிக்கன் பேராலயம் நடக்கும் தொலைவுதான். இரு ஆயர்களும் அப்பகுதிக்குச் சென்று, காவல்துறைக்கும் சமூகத் தலைவர்களுக்கும் இடையே பேச்சு அறுந்துபோகாமல் பார்த்துக்கொள்ள முயன்றார்கள். பிரதமர் மார்கரெட் தாட்சர் ஜூலை 13 அன்று நகருக்கு வந்தபோது சந்தித்தவர்களுள் சபைத் தலைவர்களும் இருந்தார்கள். லிவர்பூலை மெல்லச் சரியவிடுவதே மேல் என்னும் வகையில் அந்த ஆண்டு அமைச்சரவைக்குள் யோசனை எழுந்தது என்பது முப்பது ஆண்டுகள் கழித்து, ஆவணங்கள் வெளியானபோதுதான் நாட்டுக்குத் தெரிந்தது. அமைச்சர் மைக்கேல் ஹெசல்டைன் அந்தப் போக்கை எதிர்த்து நகரில் வந்து தங்கிப் பணிசெய்தபோது, ஆயர்கள் அவருக்குத் துணையாக இருந்தார்கள்.

அரசை மட்டும் அவர்கள் விமர்சிக்கவில்லை என்பதை 1985 காட்டியது. நகரமன்றத்தில் தொழிற்கட்சிக்குள் ஊடுருவியிருந்த ‘மிலிட்டன்ட்’ என்ற இடதுசாரிப் பிரிவு ஆதிக்கம் பெற்று, அரசு அனுமதித்த வரம்பை மீறிய வரவுசெலவுத் திட்டத்தால் பணமில்லாமல் போய், செப்டம்பரில் தன் ஊழியர்கள் 31,000 பேருக்கும் வேலைநீக்க அறிவிப்பு அனுப்பியது. அந்தக் கடிதங்கள் வாடகைக் கார்களில் ஏற்றிச் சென்று விநியோகிக்கப்பட்டன. அக்டோபர் 1 அன்று ‘தி டைம்ஸ்’ நாளிதழில் ஷெப்பர்டும் வோர்லாக்கும் சேர்ந்து எழுதிய கட்டுரை மிலிட்டன்டை எதிர்த்து நிற்குமாறு கேட்டது. அன்றைக்கே போர்ன்மவுத் மாநாட்டில் தொழிற்கட்சித் தலைவர் நீல் கினக் அதே வாடகைக் கார்களைச் சுட்டிக்காட்டித் தம் கட்சிக்காரர்களையே கண்டித்தார். இரண்டு மாதங்களில், ஷெப்பர்ட் துணைத் தலைவராக இருந்த ஓர் ஆணையம் நகர்ப்புற ஏழ்மையைப் பற்றி வெளியிட்ட அறிக்கையை ஆளுங்கட்சி வட்டாரம் மார்க்சியம் என்று ஒதுக்கியது. மூன்று மாதங்களுக்குள் இரு தரப்பும் ஏசுகிற நிலையை ஓர் ஆயர் அடைந்தார் என்றால், அவர் கட்சிக்காரர் அல்ல என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

இங்கே ‘சமயச்சார்பற்ற சமுதாயம்’ என்பதை இந்தியப் பொருளில் எடுத்துக்கொள்ளக் கூடாது. இங்கிலாந்தில் அரசுக்கென ஒரு திருச்சபை உண்டு. அதன் ஆயர்கள் 26 பேர் பிரபுக்கள் அவையில் அமர்கிறார்கள். ஆனால் ஞாயிறு காலையில் கோவில் காலியாக இருக்கிறது. மதுரை–இராமநாதபுரத்திலும் சென்னையிலும் தென்னிந்தியத் திருச்சபையின் பேராயராக இருந்துவிட்டு 1974இல் தாயகம் திரும்பிய லெஸ்லி நியூபிகின், பர்மிங்ஹாமில் நற்செய்தி சொல்வது இந்தியாவில் சொல்வதைவிடக் கடினமாக இருப்பதாகக் கண்டார். எதிர்ப்பைச் சமாளித்துவிடலாம், அலட்சியத்தை என்ன செய்வது? அப்படிப்பட்ட சமூகத்தில் ஒரு சபையின் தலைவர் தனியாகப் பேசினால் அது ஒரு சங்கத்தின் அறிக்கை. பரம்பரைப் பகையாளிகள் இருவர் ஒரே கையெழுத்தில் பேசினால் செய்தி. ஒற்றுமையே அவர்களுக்கு மேடையைத் தந்தது என்று நான் கருதுகிறேன். ஏழைகளுக்காக அவர்கள் சொன்னவற்றை மற்ற ஊர் ஆயர்களும் சொன்னார்கள், ஆனால் அந்தக் குரல்கள் இந்த அளவுக்கு எட்டவில்லை.

பங்குக் கோவிலில் ஒரு மாலை

போப்பாண்டவரின் வருகை எளிதாக நடந்துவிடவில்லை. 1982 மார்ச்சில் கேன்டர்பரி பேராயர் ராபர்ட் ரன்சி லிவர்பூல் பங்குக் கோவிலில் பேச எழுந்தபோது, வருகையை எதிர்த்தவர்கள் கோவிலுக்குள்ளேயே கூச்சலிட்டுப் பேச்சைத் தொடர முடியாமல் செய்தார்கள். வழிபாட்டு இடத்தில், தங்கள் சபையின் தலைமைப் பேராயருக்கே இப்படி நேர்ந்ததைத் தொலைக்காட்சியில் கண்ட சாதாரண புராட்டஸ்டன்டுகள் வெட்கப்பட்டார்கள். எதிர்ப்பாளர்கள் நினைத்ததற்கு நேர்மாறான விளைவு அது. மே மாதக் கைதட்டலில் அந்த வெட்கத்துக்கும் ஒரு பங்கு இருந்திருக்க வேண்டும்.

1985 பெந்தெகொஸ்தே ஞாயிறன்று, லிவர்பூலை உள்ளடக்கிய மெர்சிசைடு வட்டாரத்தின் சபைத் தலைவர்கள் சேர்ந்து பணிசெய்ய எழுத்தில் உடன்படிக்கை செய்துகொண்டார்கள். ஒரு பேராலயத்தில் வழிபாட்டைத் தொடங்கி, ஹோப் தெருவில் ஊர்வலமாக நடந்து, மறு பேராலயத்தில் முடிக்கும் இரு பேராலய வழிபாடு அங்கே மரபாகிவிட்டது. ஆங்கிலிக்கன் பேராலயத்தை வடிவமைத்த கைல்ஸ் கில்பர்ட் ஸ்காட் கத்தோலிக்கர். 1967இல் அர்ப்பணிக்கப்பட்ட கத்தோலிக்கப் பேராலயத்தை வடிவமைத்த ஃபிரெடரிக் கிபர்ட் கத்தோலிக்கர் அல்லர். பேராலயங்கள் எழுவதற்கு வெகுகாலம் முன்பே, வில்லியம் ஹோப் என்ற வணிகரின் பெயரால் அந்தத் தெருவுக்குப் பெயர் அமைந்திருந்தது. சபைத் தலைவர்களின் உரைகளில் இந்தத் தற்செயல்கள் அளவுக்கு மேல் பயன்பட்டுவிட்டன.

1989 ஏப்ரல் 15 சனிக்கிழமை ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் நெரிசலில் லிவர்பூல் ரசிகர்கள் சிக்கினார்கள்; இறந்தோர் எண்ணிக்கை இன்று 97. மறுநாள் ஞாயிறு மாலையே கத்தோலிக்கப் பேராலயத்தில் இறந்தோருக்கான திருப்பலி நடந்தது. உள்ளே இடமில்லாமல் ஆயிரக்கணக்கானோர் வெளியே நின்றார்கள். இறந்தவர் எந்தச் சபை என்று அன்று யாரும் கேட்கவில்லை. கோவிலுக்குப் போகும் வழக்கத்தை விட்டுவிட்ட ஒரு நகரம், இழவு என்று வந்தபோது எங்கே போவது என்பதை அறிந்திருந்தது. பதின்மூன்று ஆண்டுகளாகச் சேர்ந்து காணப்பட்ட தலைவர்கள் இல்லாதிருந்தால் அந்த ஒரு நாள் அவகாசத்தில் அப்படியொரு பொது வழிபாட்டை நடத்தியிருக்க முடியுமா என்பது ஐயம்.

எது முடியவில்லை

நற்கருணை மேசை ஒன்றாகவில்லை. ஆங்கிலிக்கன் குருப்பட்டங்கள் செல்லாதவை என்று 1896இல் திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ தந்த தீர்ப்பு அப்படியே இருந்தது. சேர்ந்து பேட்டி கொடுத்த, சேர்ந்து எழுதிய இருவரும் ஒருவர் கையால் மற்றவர் நற்கருணை பெற முடியாதவர்களாகவே கடைசிவரை இருந்தார்கள். 1992 நவம்பரில் இங்கிலாந்துத் திருச்சபை பெண்களைக் குருக்களாக்க முடிவுசெய்தபோது, இரு திருச்சபைகளுக்கும் இடையே திருப்பணி பற்றிய இடைவெளி இன்னும் அகன்றது. ஷெப்பர்ட் அம்முடிவை ஆதரித்தவர். நட்பு குலையவில்லை, ஆனால் நட்பால் தீரக்கூடிய விஷயமல்ல அது.

சென்னையில் 1947இல் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரெஸ்பிடேரியன், காங்கிரிகேஷனல் மரபினர் தென்னிந்தியத் திருச்சபை என்ற ஒரே திருச்சபையாக இணைந்தபோது, அமைப்பு, திருப்பணி, திருவிருந்து மூன்றும் ஒன்றாயின. லிவர்பூலில் அந்த மூன்றும் தனித்தனியாகவே இருந்தன. ஒன்றானது பொதுவாழ்வு மட்டும். இரண்டில் எது மேல் என்று தராசு பிடிக்கத் தேவையில்லை. ஆனால் இணைந்த பிறகு சொத்துக்காகவும் பதவிக்காகவும் நீதிமன்றப் படியேறும் ஒரு திருச்சபையின் பிள்ளைகள், இணையாமலேயே ஒருவரையொருவர் மதித்து நடந்த இந்த உதாரணத்தைக் கொஞ்சம் நின்று பார்ப்பதில் தவறில்லை.

தலைவர்களை மையமாகக் கொண்டதன் பலவீனமும் தெரிந்தது. மேலே இருவரும் எவ்வளவு நெருங்கினாலும், கீழே பல பங்குகளில் கூட்டுறவு ஆண்டுக்கொரு முறை நடக்கும் ஒற்றுமை வாரத்தோடு முடிந்துவிட்டது. வழிபாட்டுக்கு வருவோர் எண்ணிக்கை அவர்கள் காலத்திலேயே குறைந்துகொண்டே போயிற்று. ஒற்றுமை இருக்கைகளை நிரப்பவில்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தம்மைக் கிறிஸ்தவர் என்று சொன்னவர்கள் 2011இல் 59.3 விழுக்காடு, 2021 கணக்கெடுப்பில் 46.2. இந்தச் சரிவைத் தடுக்காததற்காக லிவர்பூல் முயற்சியைத் தோல்வி என்பது, மழை நிற்கவில்லை என்று குடையைக் குறைசொல்வதைப் போன்றது.

எஞ்சியவை

வோர்லாக் 1996 பிப்ரவரியில் புற்றுநோயால் இறந்தார். ஷெப்பர்ட் 1997இல் ஓய்வுபெற்று 2005இல் மறைந்தார். ஆட்கள் போன பிறகும் தாங்கியவை, அவர்கள் காலத்தில் நிறுவனமாக்கப்பட்டவைதான். அவற்றில் முதன்மையானது ஒரு கல்லூரி. 1970களில் அரசு ஆசிரியர் பயிற்சி இடங்களைக் குறைத்ததால் தனித்தனியே பிழைக்க முடியாத ஓர் ஆங்கிலிக்கன் கல்லூரியும் இரண்டு கத்தோலிக்கக் கல்லூரிகளும் ஒரே கூட்டமைப்பாக இணைந்தன. 1995இல் ‘ஹோப்’ என்ற பெயரைப் பெற்ற அது 2005இல் பல்கலைக்கழகமானது. பணத்தட்டுப்பாடு தூண்டிய இணைப்பு என்பதால் அதன் மதிப்பு குறைந்துவிடவில்லை. தட்டுப்பாடு வந்த வேளையில் இணைவதற்கு மனத்தடை இல்லாதிருந்தது என்பதே இங்கே கவனிக்க வேண்டியது. அதே 2005இல் நகரின் கென்சிங்டன் பகுதியில் இரு திருச்சபைகளும் சேர்ந்து நடத்தும் புனித அசிசி பிரான்சிஸ் பள்ளியும் திறக்கப்பட்டது. நூறாண்டுகளுக்கு முன் அந்நகரின் கசப்பான சண்டைகள் பள்ளிகளைப் பற்றியே நடந்தன.

2008இல் பொதுமக்கள் நன்கொடையால் ஹோப் தெருவின் நடுவில் இருவருக்கும் நினைவுச் சின்னம் வைத்தார்கள். கதவுகளைப் போன்ற இரண்டு வெண்கலப் பலகைகளில் செய்தித்தாள் நறுக்குகள் புடைப்பாக வார்க்கப்பட்டுள்ளன. இடையில் நடந்து போகலாம். சின்னம் அழகானதுதான். ஆனால் அவர்கள் விட்டுச்சென்றதை அளக்க வேறொன்று உதவும். 2010இல் ஹில்ஸ்பரோ ஆவணங்களை ஆராய அரசு ஒரு சுதந்திரக் குழு அமைத்தபோது, இருபதாண்டுகளாகக் காவல்துறையாலும் பத்திரிகைகளாலும் நீதிமன்றங்களாலும் ஏமாற்றப்பட்டதாக உணர்ந்த குடும்பங்கள் நம்பக்கூடிய ஒரு தலைவர் தேவைப்பட்டார். ஷெப்பர்டுக்குப் பின் வந்த லிவர்பூல் ஆயர் ஜேம்ஸ் ஜோன்ஸ் அந்தப் பொறுப்பை ஏற்றார். 2012 செப்டம்பரில் குழுவின் அறிக்கை வெளிவந்த அன்றே பிரதமர் டேவிட் கேமரன் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார்; விபத்து என்ற பழைய தீர்ப்பு ரத்தாகி, 2016இல் அந்த மரணங்கள் சட்டவிரோதக் கொலைகள் என்று புதிய விசாரணையின் நடுவர்குழு தீர்ப்பளித்தது. ஓர் ஆயரை அந்த நாற்காலியில் உட்காரவைக்க எந்தச் சட்டமும் அரசைக் கட்டாயப்படுத்தவில்லை.